கோளாறு அச்சிலேயே பிறந்திருக்க வேண்டும்

பழைய சிறுவர் புத்தகங்களில் அச்சுக் கோளாறோ பைண்டிங் கோளாறோ உள்ளவற்றை மட்டும் நான் சேர்க்கிறேன். இதைச் சொன்னதும் பாதிப் பேர் 'கிழிஞ்ச புக்கு' என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அட்டை போனது, கரையான் தின்றது, மழையில் ஊறி உப்பியது எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அன்பாகக் கொடுப்பதை மறுக்க மனம் வராது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் அலமாரியில் அவற்றுக்கு இடமில்லை. கடைக்கு வரும்போதே அந்தக் கோளாறு புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும். ஒரு குழந்தை அதைப் புதிதாகத் திறந்த நாளிலேயே கிளியின் மூக்கு கன்னத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும், அல்லது 32-ஆம் பக்கத்தை அடுத்து மறுபடியும் 17 வந்திருக்க வேண்டும்.

கிழிந்த பக்கம் வேறு, சேராத பக்கம் வேறு. கடையில் நின்றபடியே இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். ஒரு பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து மடித்த கட்டுக்குப் பாரம் என்று பெயர். 16 பக்கம் கொண்ட ஒரு பாரத்தில் எட்டுத் தாள் இருக்கும். முதல் தாளும் எட்டாவதும் ஒரே துண்டு; நடுவில் மடித்துத் தைத்திருப்பார்கள். இரண்டாவது தாள் ஏழாவதோடு, மூன்றாவது ஆறாவதோடு. ஆகவே 5, 6-ஆம் பக்கங்கள் உள்ள தாளை யாராவது கிழித்திருந்தால் அதன் ஜோடியான 11, 12 பிடிமானமில்லாமல் ஆடும். இல்லாவிட்டால் தையலோரத்தில் நகக்கண் அளவுக்காவது தாள் மிச்சம் நிற்கும். நூல் இறுக்கமாக இருக்கிறது, ஆடும் தாள் எதுவும் இல்லை, ஆனாலும் கதை நடுவில் 16 பக்கம் காணோம் என்றால் அந்தப் பாரம் பைண்டிங் பட்டறையில் சேரவே இல்லை என்று அர்த்தம். அப்படி ஒன்று கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுவேன்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சித்தப்பா. சிவகாசியில் சின்னதாக ஒரு பைண்டிங் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை முழுக்க எனக்கு அங்கேதான். தரையில் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் தாள் மடிப்பார்கள். மடிப்பின்மேல் மூங்கில் பட்டையை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கத்தி மாதிரி விளிம்பு விழும். மடித்த பாரங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று குவியலாக அடுக்கிவிட்டு, ஒருவர் அந்த வரிசையோடு நடந்து குவியலுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே போவார். கடைசிக் குவியலுக்கு வரும்போது கையில் ஒரு புத்தகம் சேர்ந்திருக்கும். பசி நேரத்திலோ பேச்சு சுவாரசியத்திலோ கை ஒரு குவியலைத் தாண்டிவிட்டால், அல்லது ஒரே பாரத்தை இரண்டு குவியலாக யாராவது வைத்துவிட்டால், அங்கேதான் என் சேகரிப்புக்கு ஒரு புத்தகம் பிறக்கிறது.

நான் வேலைக்குப் போன பிறகு மதுரையில் ஒரு கடையில் குரங்குக் கதைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நடுவில் சில பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. அதுவும் தொடர்ச்சியாக இல்லை, இரண்டு வெள்ளை, இரண்டு அச்சு, மறுபடி இரண்டு வெள்ளை என்று போனது. சித்தப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் புத்தகத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"எந்தெந்தப் பக்கம் வெள்ளையா இருக்கு, நம்பரைச் சொல்லு தாயி."

"34, 35, அப்புறம் 38, 39, 42, 43, 46, 47, சித்தப்பா."

"அப்போ மூணாம் பாரம். ஒரு பக்கம் அச்சு ஓட்டுன தாளைத் திருப்பி மறுபக்கம் ஓட்டுறப்ப ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டுப் போயிருக்கு. ஒண்ணு மையை வாங்கிக்கிச்சு, அதுக்குப் பின்னாடி நின்னது வெள்ளையாவே வெளிய வந்துருச்சு."

பிறகு ஒரு தாளை எடுத்து மூன்று மடிப்பு மடித்து, பென்சிலால் மூலையில் 1 முதல் 16 வரை எண் போட்டு, விரித்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 இருந்தன. மறுபக்கத்தில் 2, 3, 6, 7, 10, 11, 14, 15. பெரிய தாளில் இவை பக்கத்துக்குப் பக்கம் நேராகவும் தலைகீழாகவும் சிதறிக்கிடக்கும். மடித்தால்தான் வரிசைக்கு வரும். மூன்றாம் பாரத்துக்கு ஒவ்வொன்றோடும் 32-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருந்த எட்டுப் பக்கமும் அப்படியே அந்த மறுபக்க வரிசைதான். வீட்டில் ஒரு தாளை மடித்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

அந்தப் புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 33-ஆம் பக்கக் கடைசியில் குரங்கு முதலையின் முதுகில் ஏறுகிறது. அடுத்த பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில், நட்டநடுவில், நீல மையில், குண்டு குண்டான எழுத்தில் யாரோ ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது: 'குரங்கு என்ன செஞ்சுது?'

இந்தப் புத்தகங்கள்மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம். நல்ல பிரதியைப் படிக்கும் பிள்ளை கதைக்குள் போய்விடும். புத்தகம் என்று ஒன்று கையில் இருப்பதே மறந்துபோகும். கோளாறான பிரதி கையில் வந்தால் பிள்ளை நிற்கிறது, கேள்வி கேட்கிறது, தன்னால் முடிந்ததைச் செய்து சரிப்படுத்தப் பார்க்கிறது. அன்றைக்கு எட்டணாவோ ஒரு ரூபாயோ கொடுத்து வாங்கிய புத்தகத்தை மாற்றித் தாருங்கள் என்று கடைக்குத் திரும்பிப் போனவர்கள் குறைவு. கையில் வந்ததை வைத்துத்தான் பிள்ளைகள் படித்தார்கள். அந்தத் தடயங்களைத் தேடித்தான் பழைய பேப்பர் கடைகளில் தூசி தின்றுகொண்டு நிற்கிறேன்.

என்னிடம் ஒரு குழந்தைப் பாடல் புத்தகம் இருக்கிறது. ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தது. அதில் ஒரு பக்கத்தின் வலது கீழ் மூலையில் அழுத்தம் சரியாக விழவில்லை. அந்தக் காலத்து மிஷினில் எங்கே அழுத்தம் குறைகிறதோ அங்கே அடியில் மெல்லிய தாள் துண்டு ஒட்டிச் சமன் செய்வார்கள். அந்தப் பக்கத்துக்கு அது நடக்கவில்லை போலிருக்கிறது. எழுத்துகள் வெளிறி விழுந்திருக்கின்றன, புள்ளிகள் விழவே இல்லை. 'பட்டம்' 'படடம' ஆகிவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல்! ஆனால் அந்தப் பிள்ளை உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் வைத்திருக்கிறது. சில இடத்தில் முனை தாளைக் குத்திப் பின்பக்கம் மேடு தட்டியிருக்கிறது. 'பறக்குது' என்ற சொல்லில் 'ற'வுக்கு மேலும் ஒரு புள்ளி வைத்து, வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கும்போல, அதை அழித்திருக்கிறது. அழித்த இடத்தில் தாள் பஞ்சாகி நிற்கிறது. பூதக்கண்ணாடி வைத்து நான் அதிகம் பார்த்த இடம் அதுதான். அச்சுக்கோத்தவர், மிஷின் ஓட்டியவர், பிழைதிருத்தியவர் மூவரையும் தாண்டி வந்த ஒரு குறையை நாலாவது ஆளாக ஒரு பிள்ளை சரிபார்த்து முடித்திருக்கிறது.

வண்ணம் விலகிய புத்தகங்கள்தான் எளிதில் கிடைப்பவை. நான்கு வண்ணப் படம் என்றால் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு தட்டு. ஒரு வண்ண மிஷினில் அதே தாள் நான்கு முறை போய்வர வேண்டும். ஆஃப்செட் அச்சில் மையோடு தண்ணீரும் ஓடுகிறது. தாள் அதைக் குடித்துக் கொஞ்சம் நீள்கிறது, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே இன்னும் கூடுதலாக. இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் காற்றின் ஈரம் மாறினாலும் இதே கதைதான். சிவகாசியில் அச்சுத்தொழில் நிலைத்ததற்கு அந்த ஊரின் வறண்ட காற்றும் ஒரு காரணம் என்பார்கள். அதற்கு முன்னால் தீப்பெட்டி வந்தது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் அந்தத் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு அச்சு வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு வண்ண வேஸ்ட் தாள் என்பது நோட்டுக்கு அட்டை போடும் சாமான்.

விலகியது எல்லாவற்றையும் நான் வாங்குவதில்லை. ஒரு மயிரிழை விலகல் எந்தப் பழைய புத்தகத்திலும் இருக்கும். வைத்திருப்பதில் எனக்குப் பிடித்தது ஒரு கிளி. பச்சை என்று தனி மை கிடையாது, மஞ்சளும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் பச்சை. இந்தக் கிளியில் நீலம் கிட்டத்தட்ட ஒரு நூல் அகலம் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வலப்பக்கம் ஓடிவிட்டது. அதனால் முதுகோரம் மஞ்சள், வயிற்றோரம் நீலம், நடுவில் மட்டும் பச்சை. பச்சை எப்படி வருகிறது என்று பள்ளியில் எனக்கு யாரும் இதைவிடத் தெளிவாகக் காட்டியதில்லை.

தலைகீழாக பைண்டிங் ஆனது, அட்டை ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இருப்பது இதெல்லாம் நிறையப் பேரிடம் இருக்கும். பார்த்ததும் சிரிப்பு வரும். அதற்கு மேல் அவற்றில் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை என்பது என் எண்ணம். மடங்கிய மூலை அப்படியில்லை. தைத்து முடித்த புத்தகத்தை கட்டிங் மிஷினில் வைத்து மூன்று பக்கமும் வெட்டுவார்கள். அந்த நேரம் ஒரு தாளின் மூலை உள்ளே மடிந்து கிடந்தால் கத்திக்குத் தப்பிவிடும். பிறகு அதை விரித்தால் புத்தகத்தின் அளவைத் தாண்டி ஒரு முக்கோணம் வெளியே நீளும். என்னிடம் உள்ள அரிச்சுவடி ஒன்றில் 'ஓணான்' பக்கத்தில் இப்படி ஒரு மூலை இருக்கிறது. அதில் வண்ணங்களைப் பொருத்திப் பார்க்க அச்சுக்காரர் வைத்த கூட்டல் குறி, பக்கத்தில் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்புச் சதுரங்கள். வாசகர் கண்ணில் படக் கூடாது என்று வெட்டிப் போடவேண்டிய பகுதி அது. அந்தப் பதிப்பின் மற்ற பிரதிகளில் குப்பைக்குப் போனது இந்த ஒன்றில் பிழைத்துக் கிடக்கிறது.

பழைய எழுத்தும் புதிய எழுத்தும் கலந்த புத்தகங்களைக் கோளாறு என்று சேர்க்கலாமா என்று எனக்கும் இன்னொரு சேகரிப்பாளர் நண்பருக்கும் தீராத வழக்கு. 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. தும்பிக்கை வைத்த 'லை', 'னை' எல்லாம் போய் இன்றைய வடிவம் வந்தது. 1980 என்று ஆண்டு போட்ட ஒரு கதைப்புத்தகத்தில் 'மலை' பழைய லையோடும், அடுத்த சொல்லான 'யானை' புதிய னையோடும் ஒரே வரியில் நிற்கின்றன. புதிய வடிவத்துக்காகப் புது எழுத்து வாங்கவேண்டிய தேவைகூட இல்லை. 'கை', 'தை'க்குப் போடும் அதே ஐகாரக் குறி எழுத்துப் பெட்டியில் அதற்கான கட்டத்தில் இருக்கத்தான் செய்தது. அப்படியும் அச்சுக்கோத்தவரின் பழக்கப்பட்ட கை பழைய கட்டத்துக்கே போயிருக்கிறது. ஒரு வரிக்குள் ஒரு தடவை நினைவு வந்து, ஒரு தடவை மறந்திருக்கிறது. நண்பர் இதை வெறும் இடைக்கால வழக்கம் என்கிறார். பள்ளியில் புது எழுத்து படித்துவிட்டு வீட்டுக்கு வந்து இதைத் திறந்த பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் இது கோளாறுதான். ஆகவே என் அலமாரியில் இருக்கிறது.

மாஸ்கோவில் தமிழில் அச்சாகி இங்கே வந்த சோவியத் சிறுவர் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் வேட்டைக்கு அவை பெரும்பாலும் உதவுவதில்லை. தையலும் சேர்ப்பும் அவ்வளவு ஒழுங்கு. ஆனால் பாரம் சேர்ப்பதைக் கற்றுக்கொள்ள அவைதான் நல்ல பாடம். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் பொடி எழுத்தில் அந்தப் பாரத்தின் எண் இருக்கும். மூன்றாம் பக்க அடியில் அதே எண் நட்சத்திரக் குறியோடு மறுபடி வரும். வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பழைய பதிப்புகளிலும் புத்தகப் பெயரின் முதலெழுத்துகளோடு பாரத்தின் எண்ணைப் போடும் வழக்கம் இருந்தது. பிறகு மடிப்பின் முதுகில் கறுப்புக் கோடு போட ஆரம்பித்தார்கள். பாரங்களை அடுக்கினால் கோடுகள் படிப்படியாக இறங்கும், ஒரு படி இல்லையென்றால் ஒரு பாரம் இல்லை. சித்தப்பா அதை விரலால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார்.

தபால்தலை சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் ஏக்கம்தான். 1854-இல் இந்தியாவில் வந்த நாலணாத் தபால்தலையில் சட்டம் சிவப்பு, விக்டோரியா ராணியின் தலை நீலம். இரண்டும் தனித்தனியாக அச்சானதால் சிலவற்றில் தலை கவிழ்ந்துவிட்டது. இன்று உலகம் முழுக்க அதற்குத் தேட்டம். அதே தவறு குழந்தைப் புத்தகத்தில் நேர்ந்தால் எடைக்குப் போகிறது. நான் வழக்கமாகப் போகும் கடைக்கார அண்ணாச்சி என்மேல் இரக்கப்பட்டு, "நல்ல பிரதியே இருக்கும்மா, அதை எடுத்துக்கோங்களேன்" என்று மாற்றித் தரப் பார்ப்பார். இப்போது அவருக்கே கண் பழகிவிட்டது. பக்க எண்ணைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தனியாக எடுத்து வைக்கிறார்.

விற்பவர்களுக்கும் வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்பு ஏறும், அதை எடுப்பது பெரும்பாடு. துருப்பிடித்த பின்னை நான் அப்படியே விட்டுவைக்கிறேன், தாளை அரிக்க ஆரம்பித்தால் மட்டும் மெல்லக் கழற்றி அதே துளையில் நூல் கோக்கிறேன். அலமாரியில் வசம்பு. மழைக்காலத்தில் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து ஃபேனைப் போட்டுவிடுவேன்.

என் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்தால் நேரே அந்த அலமாரிக்குத்தான் போவாள். போன தடவை அவள் கையில் சிக்கியது ஒரு பரிசுப் புத்தகம். உள்ளே '1961, பேச்சுப் போட்டி, இரண்டாம் பரிசு' என்று எழுதிப் பள்ளி முத்திரை குத்தியிருக்கிறது. மேல் ஓரம் கத்தியில் படாமல் போனதால் தாள்கள் ஜோடி ஜோடியாக மேலே ஒட்டியே இருக்கின்றன. பிரித்துப் படிக்க யாரும் அதை வெட்டவில்லை.

"அத்தை, இதை வெட்டிப் படிச்சா என்ன?"

"வெட்டுனா அப்புறம் இது சாதாப் புக்கு ஆயிரும் பாப்பா."

அவள் விடவில்லை. தரையில் மல்லாந்து படுத்து, புத்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஒட்டிய ஜோடியை விரலால் குழாய் மாதிரி உப்பவைத்து, கீழ்ப்பக்கமாக டார்ச் அடித்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். நரியைப் பற்றிய நீளமான கதை. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. முழுசும் முடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, "கதை நல்லாத்தான் இருக்கு அத்தை, அந்த அண்ணன் படிச்சிருக்கலாம்" என்றாள். பரிசு வாங்கிய அந்த அண்ணனுக்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும்.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே ஒரு தேடலுக்காகத்தான். என்னிடம் 64 பக்கக் கதைப்புத்தகம் ஒன்று இருக்கிறது. அட்டையில் கோயில் யானை, மாவுத்தன், பின்னால் தெப்பக்குளம். முதல் பக்கங்கள் கிழிந்துவிட்டதால் பெயரோ ஆண்டோ தெரியவில்லை. உள்ளே 17 முதல் 32 வரை இரண்டு முறை வருகிறது, 33 முதல் 48 வரை கிடையாது. யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் இடத்தில் கதை மறுபடி பழைய இடத்துக்கே போய்விடுகிறது. இரண்டாவது 17-ஆம் பக்க ஓரத்தில் ஒரு பிள்ளை 'இது படிச்சாச்சு' என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறது. சித்தப்பா சொன்ன கணக்குப்படி, இரண்டாம் பாரத்துக் கட்டு ஒன்று மூன்றாம் பாரத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் இடம் மாறிய மூன்றாம் பாரத்துக் கட்டும் எங்கேயோ போயிருக்க வேண்டும். இரண்டாம் பாரத்தின் இடத்தில் அது உட்கார்ந்திருந்தால் 17 முதல் 32 வரை இல்லாமல், 33 முதல் 48 வரை இரண்டு முறை வரும் பிரதிகளும் கடைக்குப் போயிருக்கும். உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ, ஊர் நூலகத்தின் கழிவுக் கட்டிலோ அப்படி ஒன்று தட்டுப்பட்டால் சொல்லுங்கள். புத்தகத்தைத் தர வேண்டாம். 33 முதல் 48 வரை போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். யானை எங்கே போனது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.